கைமணிக்கூடு வாங்கப் புகுமுன்



கையிலே தொலைபேசி இருக்கையில் மணிக்கூடு எதற்கு என்று எம்மவர் பலர் கேட்கின்றனர். பரீட்சை மண்டபத்து வாயிலில் அத்தொலைபேசியை விட்டுவிட்டு உள்ளே சென்று அமரும்போது விடை கிடைத்துவிடுகின்றது. ஆதலால் எத்தகைய மணிக்கூட்டை வாங்குவது என்பதையே பேசுவோம். மணியடித்தே எம்மை வளர்த்த மிஷன் கல்லூரிகளும் இதனைச் சொல்லித்தரவில்லை. மாணவராகிய எமக்கு இது சிறு காரியமுமன்று. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணமோ, வீட்டார் தம் செலவைச் சுருக்கித் தரும் பணமோ அன்றோ அதிலே போகின்றது!

விலை கூடக்கூட நேரமுஞ் சரியாயிருக்கும் என்பது எம்மிடையே வேரூன்றிய எண்ணம். உண்மை வேறு. சுருள்வில்லின் இறுக்கத்தால் ஓடும் இயந்திர மணிக்கூட்டில் உள்ளிருக்கும் சிறு சக்கரம் செக்கனுக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 தடவை அசையும். பற்றரியால் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூட்டிலோ பளிங்குத் துண்டொன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கின்றது. சுவிற்சர்லாந்தில் சோதனையில் தேறிக் 'குரோனோமீற்றர்' எனப் பெயர்பெறும் இயந்திரமும் நாளொன்றுக்குச் சராசரியாக 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாதத்திலே பிசகுவது 15, 20 செக்கன்தான். 1969 டிசெம்பர் 25இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 4,50,000 யென். ஒரு சிறு காரின் விலை! அந்த நுட்பம் இன்று நடைபாதைக் கடையிலுங் கிடைக்கின்றது.

நிற்க. எமது வெயிலையும் வியர்வையையும் கடலோர உப்புக்காற்றையும் மறத்தலாகாது. பொன்முலாம் சில ஆண்டுகளில் தேய்ந்து உள்ளிருக்கும் பித்தளை பல்லிளிக்கும். கறையில் உருக்கே எமக்கு ஏற்றது. அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பின்மூடியில் 'ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பாக்' என்றிருப்பின் மூடி மட்டுமே உருக்கு என அறிக. '30 மீற்றர்' என்ற எழுத்தை நம்பி நீரில் இறங்கவும் வேண்டாம். அது மழைத்துளிக்கும் கைகழுவுவதற்குமே தாங்கும். கீரிமலைக் கேணியிற் குதிப்பவர் 100 மீற்றர் குறித்ததையே கட்டுக.

'17 கல் வைத்தது' என்று பெரியோர் பெருமையாகச் சொல்வர். அவை அச்சுகள் தேயாதிருக்க வைத்த செயற்கைச் சிவப்புக் கற்கள். அடைவுகடையில் அவற்றுக்கு மதிப்பில்லை. அழகைப் பற்றி நாம் அதிகம் சொல்வதற்கில்லை. மணிக்கட்டிலும் அகன்ற முகத்தட்டைக் கட்டிக்கொண்டு திரிவது சாப்பாட்டுக் கோப்பையைக் கட்டியதுபோலத்தான் இருக்கின்றது. பேர்போன சுவிஸ் பெயரைத் தாங்கிச் சில ஆயிரம் ரூபாவுக்கு வருவது போலி என்பதையுஞ் சொல்லவேண்டுமோ?

நீடித்து உழைப்பது எது? ஊரில் திறந்து திருத்தக்கூடியது எதுவோ அதுவே. வாங்குமுன் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துபவரிடம் ஒருமுறை கேளுங்கள்: இதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? பட்டி பொருந்தும் இடம் 18 அல்லது 20 மில்லிமீற்றராக இருந்தால் எக்கடையிலும் புதுப்பட்டி வாங்கலாம். விசித்திர வடிவமாயின் பட்டி அறுந்த அன்றே மணிக்கூடும் பெட்டிக்குள் போகும். பற்றரி தீர்ந்தால் உடனே கழற்றிவிடவேண்டும். உள்ளேயே கிடந்து கசிந்தால் முழுவதும் பாழ்.

கையிற் பணங்குறைந்த மாணவருக்கு உருக்கு உடலும் தெளிந்த எண்களும் கொண்ட ஜப்பானியக் குவார்ட்ஸ் போதும் என்பது எமது துணிபு. ஆனால் வீட்டு அலுமாரியில் பாட்டனாரின் பழைய மணிக்கூடு கிடக்குமாயின் புதியது வாங்கும் பணத்தை அதற்கே செலவிடலாம். ஓடுகிறதா என்று சாவியைத் திருகிப் பார்க்கவேண்டாம். எண்ணெய் காய்ந்த நிலையில் ஓடினால் அச்சுகள் தேயும். முதலிற் கழுவி எண்ணெயிடக் கொடுங்கள். இத்தொழிலுக்கு இளைஞர் வருவது அருகிவிட்டது. கைதேர்ந்தவர் கடையில் இருக்கும்போதே கொண்டுபோங்கள்.