ரீசெட் மெயில் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு பட்டனைப் பத்தி. "பாஸ்வேர்ட் மறந்துட்டீங்களா?" இத்தனை நாளா அதை நாமதான் அழுத்திட்டு இருந்தோம். இப்போ பல இடங்கள்ல கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கிற ஏஐ ஏஜென்ட்டும் அழுத்துது. அந்த ஏஜென்ட் கையில ரீசெட் மெயில் அனுப்பும் டூலைக் கொடுக்கும்போது, கூடவே என்ன எழுதிக் கொடுக்கணும்?

முதல்ல அடிப்படை. 2023 ஜூன்ல ஓபன்ஏஐ 'ஃபங்ஷன் காலிங்' கொண்டுவந்தது. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்', அதாவது எம்சிபி-யை வெளியிட்டது. ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான். டூலோட பெயர், அது என்ன செய்யும்னு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும், இந்த மூணையும் எழுதித் தரணும். வழக்கமா மாடல் உங்க கோடைப் பார்க்காது. டீம்ல புதுசா சேர்ந்த பையன் பக்கத்து சீட்ல கேட்டுத் தெரிஞ்சுக்குவான். ஏஜென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. நீங்க எழுதினதுதான் அதுக்குத் தெரியும்.

பல பேர் எழுதுறது ஒரு வரி: "பயனருக்கு ரீசெட் மெயில் அனுப்பும்." சரி, ஒருத்தர் வந்து "லாகின் ஆகலை"ன்னு சொல்றார். ஓடிபி வராம இருக்கலாம். கணக்கு லாக் ஆகியிருக்கலாம். கூகுள் மூலமா நுழைஞ்சவரா இருந்தா, அவருக்கு பாஸ்வேர்டே இருக்காது. அந்த ஒரு வரியை மட்டும் படிச்ச ஏஜென்ட் எல்லாருக்கும் ரீசெட் மெயிலைத் தட்டி விடும். அதனால எப்போ பயன்படுத்தணும்னு எழுதுற மாதிரியே, எப்போ பயன்படுத்தக் கூடாதுன்னும் எழுதுங்க.

அடுத்து உள்ளீடு. இங்கதான் ஆபத்து அதிகம். மெயில் எங்கே போகணும்னு ஏஜென்ட்டையே நிரப்பச் சொல்லக் கூடாது. 2024 ஜனவரியில கிட்லேப் ஒரு ஓட்டையை அடைச்சது. எண் சிவிஇ-2023-7028, தீவிரம் 10-க்கு 10. அதுல, சரிபார்க்காத முகவரிக்கும் ரீசெட் மெயில் போக வழி இருந்தது. டூ ஃபேக்டர் போட்டிருந்தவங்களுக்கு பாஸ்வேர்ட் மாறினாலும் கணக்கு பறிபோகலை. மத்தவங்க கணக்கையே இழக்கும் நிலை. அதுல ஏஐ எதுவும் இல்லை, சாதாரண கோடுதான். இப்போ யோசிச்சுப் பாருங்க, "என் பழைய மெயில் போச்சு, இந்தப் புது முகவரிக்கு அனுப்புங்க"ன்னு ஒருத்தர் உருக்கமா கேட்டா, உதவணும்னே பழக்கப்படுத்தின மாடல் என்ன செய்யும்?

அதனால உள்ளீடா கணக்கு எண்ணை மட்டும் வாங்குங்க. முகவரியை சர்வர் தன்னோட பதிவுல இருந்து எடுக்கட்டும். "வேறு முகவரிக்கு அனுப்ப இயலாது. கேட்டால் மனித உதவியாளரிடம் மாற்று"ன்னு விளக்கத்துலயும் எழுதுங்க. ஆனா ஒண்ணு, எழுதி வைக்கிறது பூட்டு ஆகாது. பேசியே மாடலை மயக்க முடியும். பூட்டு கோடுலதான் இருக்கணும்.

மூணாவது, டூல் திருப்பித் தரும் பதில். ரீசெட் லிங்க்கை ஏஜென்ட்டுக்குக் காட்டவே கூடாது. காட்டினா அது உரையாடல்லயும் லாக்லயும் தங்கிடும். அப்படி ஒரு கணக்கே இல்லைன்னாலும் பதில் ஒரே மாதிரி இருக்கட்டும்: "கணக்கு இருந்தால் மெயில் அனுப்பப்படும்." இல்லேன்னா யாருக்குக் கணக்கு இருக்குன்னு ஒருத்தர் ஒவ்வொண்ணா கேட்டே பட்டியல் போட்டுடலாம். அப்புறம், வரிசையில போட்டாச்சுன்னா மெயில் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அதையும் எழுதினாதான், "மெயில் வந்திருக்கும் பாருங்க"ன்னு ஏஜென்ட் அடிச்சு விடாம இருக்கும்.

கடைசியா, மறுமுயற்சி. டைம் அவுட் ஆச்சுன்னா ஏஜென்ட் திரும்பக் கூப்பிடும். மூணு மெயில் போகும். பல சிஸ்டம்கள்ல புது லிங்க் வந்ததும் பழையது செல்லாது. பயனர் முதல் மெயிலைத் திறந்து, "லிங்க் செல்லாது"ன்னு பார்த்துட்டு மறுபடியும் சப்போர்ட்டுக்கு வருவார். ஏஜென்ட் நாலாவதை அனுப்பும். எம்சிபி-ல 'ஐடெம்பொட்டென்ட் ஹின்ட்'னு ஒரு குறிப்பு இருக்கு. திரும்பக் கூப்பிட்டா கூடுதல் விளைவு வருமா வராதான்னு சொல்றது அது. இந்த டூலுக்கு அதை 'ஃபால்ஸ்'னு வைங்க. எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்னும் சேர்த்து எழுதுங்க.

எழுதி முடிச்சதும் ஒரு டெஸ்ட். இந்த புராடக்ட் பத்தி எதுவுமே தெரியாத ஒரு நண்பர்கிட்ட அந்த விளக்கத்தை மட்டும் கொடுங்க. அஞ்சு கஸ்டமர் மெசேஜ் காட்டி, எதுக்கு மெயில் அனுப்பலாம்னு கேளுங்க. அவர் தடுமாறுற இடத்துல ஏஜென்ட்டும் தடுமாறும். ஆனா அவர் மாதிரி அது தயங்கி நிக்காம போகலாம், அனுப்பிட்டே போயிடும்.

உங்க டீம்ல இப்படி ஒரு டூல் இருந்தா, இன்னைக்கே அந்த விளக்கத்தைத் திறந்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.