18 வருஷ பாட்டிலைப் பற்றி ஒரு திருத்தம்

இந்த எபிசோடில் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். காரணம், போன சீசனில் நான் சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது.

சிங்கிள் மால்ட் பற்றிய எபிசோட் ஞாபகம் இருக்கா? ஒரே டிஸ்டில்லரியின் 12 வருஷம், 18 வருஷம் இரண்டையும் வைத்துக்கொண்டு, "18 வேற லெவல், கண்ணை மூடிட்டுச் சொல்லிடலாம்"னு பேசியிருந்தேன். விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதைக் கேட்டு ஒரு தம்பி, வேலையில் சேர்ந்து வந்த முதல் போனஸில் அந்த பாட்டிலை வாங்கிட்டேன்னு போட்டோ அனுப்பினார். நானும் ஹார்ட் போட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. நான் எப்பவாவது உண்மையிலேயே கண்ணை மூடிப் பார்த்தேனா? இல்லை. லேபிளைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன்.

ஆபீஸில் யாராவது டெஸ்ட் எழுதாமல் கோட் அனுப்பினால் நான்தான் முதலில் கத்துவேன். இங்கே நானே அதைப் பண்ணியிருக்கேன்.

சரி, டெஸ்ட் பண்ணிடலாம்னு பெங்களூரில் என் வீட்டில் ஐந்து பேர் கூடினோம். முறை ரொம்ப சிம்பிள். மூணு கிளாஸ். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறன்னு சொல்லணும், அவ்வளவுதான். உணவுத் துறையில் இதை ட்ரையாங்கிள் டெஸ்ட் என்பார்கள். சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே மூணில் ஒரு வாட்டி சரியா வரும். ஆறு ரவுண்டில் இரண்டு. ஊகம் பண்றவர் ஐந்தோ அதற்கு மேலோ சரியா சொல்ல வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. நாலோ அதற்கு மேலோன்னா 10 சதவீதம். அதனால் ஐந்துக்குக் கீழே எடுத்தவர் பேசக்கூடாதுன்னு முதலிலேயே ரூல்.

நிறம் தெரியக்கூடாது. பிரான்ஸில் போர்தோவில் பண்ணின ஒரு ஆய்வு 2001-ல் வெளியானது. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். கண் அவ்வளவு மோசமான சாட்சி. அதுவும் ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது, அதனால் இருட்டாக இருப்பதெல்லாம் வயசானதில்லை. முதலில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். டம்ளர் வாய் அகலம், வாசனை நிற்கவே இல்லை. கடைசியில் கிளாஸ் முழுக்க கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினோம். பார்க்க பாம் மாதிரி இருந்தது.

அடுத்த பிரச்சினை எரிச்சல். ஒன்று 46 சதவீதம், இன்னொன்று 40 என்றால், தொண்டை எரிவதை வைத்தே சொல்லிடலாம், மூக்கே வேண்டாம். அதனால் எல்லாவற்றையும் 23 சதவீதத்துக்குக் கொண்டுவந்தோம். 46-ல் 30 மில்லிக்கு 30 மில்லி தண்ணீர், 40-ல் 30 மில்லிக்கு 22. "தண்ணி ஊத்தினா டேஸ்ட் போயிடும்டா"ன்னு ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். அப்படி இல்லை. விஸ்கியில் புகை வாசனை தரும் குவையகால் என்ற பொருள், தண்ணீர் சேர்க்கும்போது மேற்பரப்புக்கு நகர்கிறதுன்னு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2017-ல் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் காட்டினார்கள்.

ஒரு ராத்திரிக்கு ஒரு ஜோடிதான். ஆறு ரவுண்டு, 18 கிளாஸ், ஒவ்வொன்றிலும் 5 மில்லி. மொத்தம் 90 மில்லி, கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். ஆனா விழுங்கினால் அது ஒரு லார்ஜ் கிட்ட வந்திடும், ஆறாவது ரவுண்டில் நாக்கு பொய் சொல்லும். அதனால் எல்லாருக்கும் துப்ப ஒரு பேப்பர் கப்.

இந்தத் துப்புற விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். எங்க வீட்டில் குடி பொழுதுபோக்கு இல்லை. அப்பா வாசல் கதவைத் திறக்கும்போது வரும் வாசனையை வைத்தே, அன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும்னு எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். மூக்குப் பயிற்சி எனக்கு எட்டு வயதிலேயே ஆரம்பித்துவிட்டதுன்னு ஜோக்காகச் சொல்வேன், நண்பர்கள் சிரிப்பார்கள். இந்த பாட்காஸ்ட்டில் குடி பற்றிப் பேசுறேன்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அது இருக்கட்டும்.

முதல் ராத்திரி, அம்ருத் இந்தியன் சிங்கிள் மால்ட்டும் ஒரு சாதாரண 12 வருஷ ஸ்காட்ச்சும். இதில் எனக்கு ஆறில் ஐந்து! குதித்தேன். இங்கே வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் வெயில். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேலேயே போகும். 200 லிட்டர் பீப்பாயை இங்கே ஐந்து வருஷம் வைத்தால் 118 லிட்டர்தான் மிஞ்சும். அங்கே 12 வருஷம் வைத்தாலும் 157 லிட்டர் இருக்கும். வெப்பத்தில் மரத்தின் சாரமும் சீக்கிரம் இறங்கிடும். அதனால் "நம்மூர் விஸ்கிக்கு ஏன் வயசு போடல"ன்னு கேட்பது, சென்னை வெயிலில் காயப்போட்ட துணியையும் ஊட்டியில் காயப்போட்டதையும் மணிக்கணக்கில் ஒப்பிடுற மாதிரி.

இரண்டாவது ராத்திரி, அந்த 12-ம் 18-ம். எனக்கு ஆறில் இரண்டு. குரங்கு எடுக்கிற மார்க். நாலாவது ரவுண்டில் "இதுதான் 18, உலர்ந்த அத்திப்பழம், பழைய தோல்"னு நோட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கேன். அந்த ரவுண்டில் நான் காட்டியது 12. மூணு பேர் என்னை மாதிரியே ஒன்று, இரண்டு, மூணு.

ஐந்தாவது ஆள், டீமில் கூட வேலை பார்க்கும் தோழி. குடிக்கிறதே அபூர்வம், ஆனா ஃபில்டர் காபியில் சிக்கரி எவ்வளவுன்னு வாசனையிலேயே சொல்லும் ஆள். அவங்களுக்கு ஐந்து. "ஒண்ணுல பழைய மர பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்"னாங்க. அத்திப்பழம் எல்லாம் இல்லை.

ஆனா ஐந்து பேரில் யாராவது ஒருத்தருக்கு அதிர்ஷ்டத்திலேயே ஐந்து வர 9 சதவீத வாய்ப்பு இருக்கே? அதனால் அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டேன். நாலு வந்தது. பன்னிரண்டில் ஒன்பது. ஊகம்னா நாலுதான் வரணும். ஆக, வித்தியாசம் நிஜமாவே இருக்கு. எனக்குத்தான் தெரியலை. சரி எது பிடிச்சிருக்குன்னு கேட்டேன். 12-ன்னாங்க. "பீரோ வாசனைக்கு எதுக்கு அவ்வளவு காசு?"

இதற்கப்புறம் அந்தத் தம்பிக்கு போன் பண்ணினேன். தப்பாச் சொல்லிட்டேன், சாரின்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "அண்ணா, நான் இன்னும் சீல்கூட உடைக்கல. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸோட திறக்கலாம்னு அலமாரியில துணிக்கு அடியில வெச்சிருக்கேன். இப்ப திறக்கவா, வேணாமா?"

திறங்க, ஆனா பக்கத்தில் ஒரு 12-ம் வையுங்கன்னேன். 12-ஐ நான் வாங்கி அனுப்புறேன்னேன். வேண்டாம்ணா, டேப் மட்டும் எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேட்டார். கல்யாணம் தை மாசம். அவர் மார்க் ஷீட் வந்ததும் இங்கே படிக்கிறேன்.