கண்ணாடிக்குள் வந்த ஆவி

மாசி மாதத்தில் கோவை கோனியம்மன் தேர்த் திருவிழாவுக்கு என் தந்தையார் என்னை அழைத்துச் சென்றது இன்னும் நினைவிருக்கிறது. நான் கண்டு நடுங்கியது தேரையன்று. துணிக்கொட்டகை ஒன்றினுள் மேசைமீது வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் தலையை. உடல் இல்லை; மேசைக்கடியில் பின்திரை தெளிவாகத் தெரிந்தது. தலையோ கண் சிமிட்டிற்று, கேட்ட கேள்விக்கு விடை சொல்லிற்று. அன்றிரவு நான் உறங்கவில்லை.

அதன் சூழ்ச்சி பிற்காலத்தில்தான் விளங்கியது. மேசைக் கால்களுக்கிடையே இரண்டு கண்ணாடிகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவை பக்கத்துத் திரைகளைக் காட்டும்; நாமோ பின்திரையைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். பெண் கண்ணாடிக்குப் பின்னே சுகமாக அமர்ந்திருப்பாள். லண்டன் மாநகரில் 1865-ஆம் ஆண்டிலேயே இவ்வேடிக்கை அரங்கேறிவிட்டது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே அந்நகரில் ஓர் ஆவி தோன்றியது. 1862 டிசம்பர் 24-ஆம் நாள், ராயல் பாலிடெக்னிக் என்னும் நிலையத்தில், சார்லஸ் டிக்கன்ஸின் கதையொன்றை நடித்துக் காட்டுகையில், மேடைமீது உருவமொன்று புகைபோல் எழுந்து மறைந்தது. ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளரின் எண்ணம் அது. எளிய வழியில் மேடையேற்றியவர் ஜான் ஹென்றி பெப்பர். பெயர் என்னவோ பெப்பருக்கே நிலைத்தது. மேலைநாடுகளில் அக்டோபர் 31-ஆம் நாளிரவு ‘ஹாலோவீன்’ என்று பேய் வேடமிட்டுக் களிக்கிறார்களே, அன்று பலர் வீட்டிலேயே செய்து பார்ப்பது பெப்பரின் ஆவியைத்தான்.

நம் கோவைக்கும் ஒளியால் உருவம் காட்டும் கலை புதிதன்று. இந்நகரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வரைபடம் வரைபவராக இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். 1914-இல் அவர் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை அந்தத் தெரு இன்றும் தாங்கியிருக்கிறது.

இனி ஆவிக்கு வருவோம். சன்னல் கண்ணாடி ஒளியை ஊடுருவ விடுகிறது; ஆனால் முழுவதையும் அல்ல. சாய்வாக நிறுத்தினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறது. பகலில் அந்தப் பத்தில் ஒரு பங்கை யார் கவனிக்கிறார்கள்? அறையை இருட்டாக்கி, மறைவிடத்தில் நிற்பவன்மீது மட்டும் விளக்கைப் பாய்ச்சினால், அவனுடைய பிம்பம் கண்ணாடிக்கு அப்பால் நிற்பதாகத் தோன்றும். அவன் கண்ணாடிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறானோ, பிம்பமும் அவ்வளவு தூரம் உள்ளே நிற்கும். பின்னாலிருக்கும் பொருள்களும் அதனூடே தெரியும். ஆவிக்கு வேறென்ன வேண்டும்?

இதைப் படித்த ஆண்டு விடுமுறைக்கு, பொள்ளாச்சிக்கு அருகே அப்புச்சி வீட்டுக்குப் போனேன். அப்புச்சி காலமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. நானும் மாமன் மகனும் அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, உள்ளறை வாசலை அடுத்துச் சாய்வாக நிறுத்தினோம். சுவரோரம் மறைவாக அவன் நின்றான். அவன்மீது பெட்ரோமாக்ஸ் ஒளி. உடுத்துவதற்கு வெள்ளை வேட்டி வேண்டுமே என்று பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட வேட்டியையும் துண்டையும் எடுத்தோம். யாருடையவை என்று ஒருகணமும் எண்ணவில்லை.

சிறுவர்களை அழைத்து வெளியே உட்கார்த்தினேன். விளக்கின் மறைப்பை நீக்கியதும் உருவம் தோன்றியது. அப்புச்சியின் சாய்வு நாற்காலிக்கு அருகிலேயே. பிள்ளைகள் அலறினர். அவர்களுக்குப் பின்னால் அமுச்சி வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

“ஏனுங்க, எப்ப வந்தீங்க?” என்றார்.

அச்சமே இல்லை அக்குரலில். உழவு முடிந்து வீடு திரும்பியவரைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, நேரே கண்ணாடியை நோக்கி நடந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்னும் இரண்டடி வைத்திருந்தால் கண்ணாடியில் மோதியிருப்பார். மாமன் மகனும் நடுங்கிப்போய் வெளியே வந்தான். அமுச்சி அவன் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார், எடுத்து மடித்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவரருகே அமர்ந்து வேறொன்றைக் காட்டினேன். நீங்களும் முதலில் இதையே செய்யலாம். படச்சட்டத்துக் கண்ணாடி ஒன்றை மேசைமீது நேராக நிறுத்துங்கள். அதற்கு இப்பால் ஒரு சாண் தூரத்தில் சிறிய மெழுகுவத்தி; அப்பால் அதே ஒரு சாணில் தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர். சுடர் தண்ணீரின் நடு உயரத்துக்கு இருக்கட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு மெழுகுவத்தி தெரியாதபடி முன்னே ஒரு புத்தகத்தை நிறுத்துங்கள். சுடர் அதில் படாமல் தள்ளியே இருக்கட்டும். கதவைச் சாத்தி இருட்டாக்கினால், தண்ணீருக்குள்ளே சுடர் எரியும்.

அமுச்சி வெகுநேரம் பார்த்தார். புத்தகத்தை விலக்கி மெழுகுவத்தியைக் கண்டார். மீண்டும் தாமே மறைத்து வைத்தார். பிறகு கையைக் கண்ணாடிக்குப் பின்னே கொண்டுபோய், தம்ளருக்குள் விரலை விட்டார்.

“சுடலையே, கண்ணு” என்றார்.