அடைப்பு மூன்று, சர்க்கரையும் உண்டு: ஸ்டென்டா, பைபாஸா?

(கள்ளக்குறிச்சியில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

போன மாதம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரைப் பார்க்கப் போயிருந்தேன். பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். ஆஞ்சியோகிராம் எடுத்ததில் இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு. மருத்துவர் பைபாஸ் என்கிறார். இவரோ, "ஹஜ்ரத், ஸ்டென்ட் வைத்தால் நாலே நாளில் கடையில் உட்காரலாம். நெஞ்சைப் பிளந்தால் மூன்று மாதம் கடையை யார் பார்ப்பது?" என்கிறார். மச்சான், மாமா எல்லோரும் அவர் பக்கம். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் விசாரித்தேன். தலையாட்டியது தவறு என்று தெரிந்தது.

சர்க்கரை நோயாளிக்கு அடைப்பு ஓரிடத்தோடு நிற்பதில்லை. குழாய் நெடுகப் படிகிறது. நம் கோமுகி அணைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மண் சரிந்தால் அங்கே தூர் வாரினால் தண்ணீர் ஓடிவிடும். நெடுக வண்டல் படிந்திருந்தால்? இங்கே வாரினால் பத்தடி தள்ளி அடைத்துக்கொள்ளும். புது வாய்க்கால் வெட்டிக் கடைமடை வயலில் சேர்ப்பதுதான் வழி. ஸ்டென்ட், தூர் வாருவது. பைபாஸ், புது வாய்க்கால். மார்புக்கூட்டின் உட்புறம் ஓடும் ஒரு தமனியை இதயத்தின் முக்கியக் குழாயில் இணைக்கிறார்கள். அது பல்லாண்டு அடைபடாமல் ஓடக்கூடியது.

உவமை மட்டும் போதுமா? கணக்கும் இருக்கிறது. 2012-இல் 'ஃப்ரீடம்' என்ற பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளில் ஒரு பாதிக்கு மருந்து பூசிய ஸ்டென்ட், மறுபாதிக்கு பைபாஸ். ஐந்தாண்டில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் மரணித்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 11 பேர். மாரடைப்பும் பைபாஸ் தரப்பில் பாதிக்கும் குறைவு. பக்கவாதம் மட்டும் அந்தத் தரப்பில் அதிகம்: நூற்றுக்கு 5 பேர், ஸ்டென்ட் தரப்பில் 2 பேர். வியாபாரிகளிடம் பேசுகிறேன், லாபத்தை மட்டும் சொல்லி நஷ்டத்தை மறைக்கலாமா?

எல்லோருக்கும் பைபாஸ் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே குழாயில் அடைப்பு என்றாலோ, அறுவையைத் தாங்காத உடல் என்றாலோ ஸ்டென்டே பொருத்தமாகலாம். மாரடைப்பு வந்துவிட்ட நேரத்தில் யோசிக்கவே கூடாது. அடைத்த குழாயை உடனே திறப்பதுதான் உயிரைக் காக்கும். அவசரம் இல்லாத நேரத்தில் மட்டும், கையெழுத்திடும் முன் ஒன்று கேளுங்கள்: "இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து படத்தைப் பார்த்தீர்களா?" ஆஞ்சியோ சிடியை வாங்கி இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதும் உங்கள் உரிமை.

கல்வராயன் மலைக்கு வியாபாரத்துக்குப் போகும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், வாந்தி, என்றுமில்லாத அசதி. "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்! வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். 2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க ஏற்பாடு செய்தது. 108-ஐ அழையுங்கள், அருகிலுள்ள நிலையத்துக்குப் போங்கள்.

"நெஞ்சைப் பிளப்பதா?" என்ற பயம் இன்னும் போகவில்லை. இந்தியாவின் முதல் பைபாஸை 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் நம் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் செய்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது! செலவுக்கு, வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வருமுன் எடுத்து வையுங்கள்.

மிஞ்சுவது கடைக் கவலை. அதற்கு மருத்துவரிடம் மருந்தில்லை. இளைஞர்களே, உங்களிடம் இருக்கிறது. அந்தச் சகோதரர் இப்போது அறுவைக்குச் சம்மதித்துவிட்டார். மூன்று மாதம் அவர் கடையைத் திறந்து, கணக்கெழுதி, இரவில் பூட்டிச் சாவியை வீட்டில் கொடுக்க ஆள் வேண்டும். காலைக்கு இருவர், மாலைக்கு இருவர் என்று முறை போட்டிருக்கிறோம். நான்கு பெயர் சேர்ந்துவிட்டது. மற்றவர்கள் மஃக்ரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள்.