இளைஞர்களும் வெல்டிங் தொழிலும்



நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கல்வி என்றதும் பட்டமும் அரசுப் பணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டும்; ஐயமில்லை. ஆயினும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளை நாம் மறந்துவிடலாகாது. அவர்களை முன்னிட்டே வெல்டிங் என்னும் பற்றவைப்புத் தொழிலைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

தென்காசி வட்டாரத்தில் இரும்பு வேலைக்குக் குறைவில்லை. வீட்டு கேட், சன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர், குற்றாலத்து விடுதிகளின் கைப்பிடிக் கம்பி என எல்லாவற்றிற்கும் வெல்டர் வேண்டும். நம் பிள்ளைகள் பட்டறைக்குப் போகாமலும் இல்லை. ஆனால் பலரின் நிலை என்ன? இரும்பு சுமப்பது, துண்டைப் பிடித்துக்கொள்வது, துருவைத் தேய்ப்பது; ஆண்டுகள் கழிந்தும் ஹோல்டர் அவர்கள் கைக்கு வருவதில்லை. கூலி கிடைக்கிறது, தொழில் கிடைப்பதில்லை.

இக்குறையை அண்ணல் அம்பேத்கர் அன்றே கண்டார். 1942இல் தாழ்த்தப்பட்டோர் குறைகளை விளக்கி வைஸ்ராய்க்கு அளித்த விண்ணப்பத்தில், அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஏட்டுக் கல்வியோடு தொழிற்கல்வியும் சேர்ந்தாலன்றி விடுதலை முழுமையாகாது என்பதே அதன் உட்பொருள்.

மின் வெல்டிங் எந்தக் குலத்தின் பரம்பரைச் சொத்தும் அன்று. மின்வில்லால் இரும்பை இணைக்கும் முறையை உருசிய நாட்டுப் பெனார்தோஸ் கண்டது 1881இல். பூச்சு ராடை உருவாக்கிய சுவீடன் நாட்டு ஆஸ்கர் ஷெல்பெரி தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1904இல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் தளங்களில், அதற்குமுன் இரும்பைத் தொட்டறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இத்தொழிலைக் கற்றுக் கப்பல் கட்டினர். நம் திருச்சிராப்பள்ளி பெல் ஆலையில் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே எழுந்தது. ஆகவே, "இது எங்கள் பாட்டன் தொழில், நீ தொடாதே" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இனி, எளிய குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே இதைப் பழகுவது எப்படி என்று பார்ப்போம்.

முன்பெல்லாம் வெல்டிங் இயந்திரம் இருவர் கூடித் தூக்கும் பாரமுடையது. இன்றைய இன்வெர்ட்டர் இயந்திரமோ ஒரு கையில் அடங்குவது. ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் கிடைப்பது. தனியொருவரால் இயலாவிடில் ஐவர் கூடி ஒன்று வாங்கலாம். பழகுவதற்குப் புது இரும்பு வேண்டா. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் பட்டையும் ஆங்கிள் துண்டுமே போதும். ராடு 6013 எண்ணுடைய 2.5 மில்லிமீட்டர் அளவில் வாங்குக. அதற்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும்.

முதலில் ஒரே தகட்டின்மேல் நேர்கோடு இழுத்துப் பழகவேண்டும். ராடு முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் கனத்தை மிஞ்சலாகாது. சரியாக ஓடினால் எண்ணெயில் வடை பொரிவது போன்ற சீரான ஓசை எழும். கசடைத் தட்டி எடுத்து, கோடு ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து இரு துண்டுகளை இணைத்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் வழுவழுப்பாகப் பிரிந்து வந்தால் இரும்பு உருகி இணையவில்லை என்று பொருள். இரும்பு முகம் பார்த்து மதிப்பெண் இடுவதில்லை. சாதி கேட்பதும் இல்லை.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. சூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். ராடின் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சினால் இணைப்பில் ஊசித் துளைகள் விழும். ஆகவே ராடுகளை இறுக மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். ஈரத் தரையில் நின்றோ, நனைந்த உடையோடோ வேலை செய்வது உயிருக்கே ஆபத்து.

இயந்திரத்தில் சிக்கனம் பாருங்கள். உடம்பில் சிக்கனம் பாராதீர்கள்! பத்து அல்லது பதினோராம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம், தோல் கையுறை, பருத்தி உடை, காலணி ஆகிய நான்கும் இன்றித் தொடங்கலாகாது. வெயில் கண்ணாடி இதற்கு ஈடாகாது. பாதுகாப்பின்றி ஒளியைப் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் வலி எழும். குழந்தைகளை அருகில் விடலாகாது. நாகப்பூச்சுப் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். எண்ணெய் இருந்த காலி டிரம்மில் பற்றவைத்தால் அது வெடிக்கும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. மெலிந்த ஒயரில் இயந்திரத்தை மாட்டலாகாது. 16 ஆம்பியர் பிளக்கும் முறையான எர்த்தும் வயர்மேன் வந்து அமைத்தல் வேண்டும். வருமானத்திற்கு வேலை செய்யத் தொடங்கினால் வீட்டு இணைப்பு செல்லாது. தொழிலுக்குரிய இணைப்பைப் பெறவேண்டும்.

வீட்டில் பழகியது கைக்குத் துணிவு தரும்; சான்றிதழோ கதவைத் திறக்கும். எட்டாம் வகுப்புத் தேறியவரே அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு வெல்டர் பயிற்சியில் சேரலாம். பின்னர்ச் சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோருக்கு, 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிக.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிவிழா நினைவாக வளைவும் கல்வெட்டும் வைக்கலாம், நன்று. அவற்றோடு கழகக் கட்டடத்தின் பின்புறம் ஓர் இயந்திரமும் இரு முகக்கவசங்களும் வைப்போம். மாலைதோறும் இரண்டு மணி நேரம், தொழில் தெரிந்த நம்மவர் ஒருவர் கற்றுத் தரட்டும். பெண் பிள்ளைகளும் வரட்டும். அடுத்தவர் பட்டறையில் இரும்பைப் பிடித்து நின்ற கை, ஹோல்டரைப் பிடிக்கட்டும். இந்த ஆண்டே அதைச் செய்வோம்.