மணிநாவைக் கட்டிய தேர்



ஊவாவில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால் தண்ணீர் என்போம், காடு என்போம். உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது கிணறு வற்றிய வீடுகள் இந்தப் பண்டாரவளையைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் இன்று பேச வந்தது நம் மலைகளின் அமைதியைப் பற்றி. உடனே சிலர் சிரிப்பீர்கள்: "அது பங்களாக்காரர் கவலை, நமக்கெதற்கு?" இல்லை ஐயா. அமைதி வெள்ளைக்காரப் பயணிக்கு விற்கிற சரக்கு அல்ல. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, எழும்ப வேண்டியவளுக்குத்தான் அதில் முதல் உரிமை.

தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. இடைச்சுவர் கூரையைத் தொடாத லயங்கள் எத்தனை! பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும். அந்தத் தூக்கத்தின் மேல் எதிர்மலை விடுதியிலிருந்து 'டும் டும்' என்று பாட்டு வந்து விழுகிறது. பகலில் கேட்காத தூரத்துப் பாட்டு இரவில் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும். அதன் மேலே சூடான காற்று. மேல்நோக்கிப் போக வேண்டிய சத்தம் வளைந்து மறுபடி பள்ளத்துக்கே இறங்கும். ஆட்டம் போடுவது மேலே, தூக்கம் கெடுவது கீழே. மலைநாட்டுக் கணக்கு எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது!

மனிதர் கதை இது. வாயில்லாச் சீவன்களின் கதை இன்னும் மோசம். ஒஹியவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறியவர்கள் 'அரெங்கா குளம்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அரெங்கா என்பது ஒரு குருவியின் பழைய பெயர். கருநீலச் சிறகு, மகா கூச்சம், இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. விடியும் முன்னும் அந்தி மயங்கும்போதும்தான் சீழ்க்கையடிக்கும். அதே விடியலில்தான் உலக முடிவு என்ற செங்குத்துச் சரிவைப் பார்க்க வேன்கள் வரிசையாக ஏறுகின்றன. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மலை அது. மரத்தை வெட்டினால் பிடிக்க ஆளுண்டு. குருவியின் குரலை வாகன இரைச்சல் மூடினால் யாரைப் பிடிப்பது?

வெறும் சத்தம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில், 2012இல் ஆய்வாளர்கள் ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து வாகனச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினார்கள். கார் இல்லை, புகை இல்லை, தார் இல்லை. ஆனாலும் வலசை வந்து தங்கும் பறவைகளில் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயின.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வெகு முன்னால், நம் ஆள் ஒருவன் இதைத் தெரிந்து வைத்திருந்தான். அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, காதலி காத்திருக்கிறாள், தலைவன் தேரில் விரைகிறான். வழியெல்லாம் பூ. பூவில் சோடியாகத் தங்கித் தேன் குடிக்கும் வண்டுகள். தேர்மணி அடித்தால் அவை கலங்கிவிடுமே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரை ஓட்டினானாம்! அவனுக்கில்லாத அவசரமா நம் வெல்லவாய பஸ்காரருக்கு? இராவண எல்ல நீர்வீழ்ச்சி வளைவில் அவர் அடிக்கிற ஹோர்னில் அருவியே வாயடைத்து நிற்கிறது. அதுவும் ஒரு சரணாலயம் என்பது அங்கே நின்று செல்பி எடுக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறர் மேல் மட்டும் பழி போட்டு இறங்க மாட்டேன். நம் கோயில் திருவிழாவுக்கு எத்தனை ஸ்பீக்கர் பொக்ஸ்? பக்கத்துத் தோட்டத்துக்காரன் எட்டு வைத்தால் நாம் பத்து. தப்பு மேளத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பிரட்டுக்கு ஆள் கூட்டியது தப்பு, காமன் கூத்தை ஆட்டுவித்தது தப்பு, அது நம் உயிர். ஆனால் தப்படிக்கிற கைக்குக் களைப்பு வரும், அவரும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க உட்காருவார். பொக்ஸுக்குக் களைப்பு உண்டா?

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி, பாடசாலை, நூலகம், புனித இடங்கள், இவற்றோடு சுற்றாடலுக்கென ஒதுக்கிய இடங்கள், இவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். பகலில் 50 டெசிபல், இரவில் 45. நாம் சாதாரணமாகப் பேசுகிற பேச்சே இந்த அளவைத் தாண்டும். 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்றது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த வழக்குத்தான், ஆனால் பன்சலைக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் அதே சட்டம்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் அமைதி கேட்டால் இன்று அடிக்க வருவார்கள். ஓரிடத்தில் தொடங்குவோம். ஹப்புத்தளையில் வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவில் இப்போது துறவிகள் இருக்கிறார்கள். அதற்கப்பால் இதல்கஸ்ஹின்ன வரை மலைமுகட்டில் நீள்கிறது தங்கமலைச் சரணாலயம், 1938இல் பறவைகளுக்கென்றே ஒதுக்கியது. அதன் இரு வாசலிலும் மூன்று மொழியில் "அமைதி வலயம்" என்று பலகை நட வேண்டும், எல்லைக்குள் ஸ்பீக்கரும் ட்ரோனும் கூடாது என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு மனு எழுதியிருக்கிறோம். அந்தத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்களில் கோயில் கமிட்டித் தலைவர்கள் முதலில் வரட்டும். அடுத்த திருவிழாவில் பத்து மணிக்குப் பொக்ஸை நிறுத்துவதாக அதன் கீழேயே ஒரு வரி எழுதிவிட்டால், அதிகாரிகள் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.