சிகரத்திற்குச் சில அடி கீழே

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் வசிக்கும் நான், அருகே மனிதர் வெட்டிய ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்து பழகியவன். சென்ற ஆண்டு வங்க நண்பர்களுடன் சிக்கிமின் யுக்சோமிலிருந்து நடந்து, 4,000 மீட்டருக்கும் மேலுள்ள சமிதி ஏரியை அடைந்தேன். ஆர்வ மிகுதியால் தடத்தை விட்டுப் பாறைச்சரிவில் ஏறினேன். மூடுபனி சூழ்ந்தது, பத்தடிக்கப்பால் ஒன்றும் புலப்படவில்லை. "சார், திரும்பிவிடலாம்" என்றார் உடன்வந்த வழிகாட்டி. வெட்கத்துடன் இறங்கினேன்.

மறுநாள் வெயிலில் 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்கா தெரிந்தது. 1955 மே 25 அன்று அதை முதலில் ஏறிய பிரவுனும் பாண்டும், சிக்கிம் மக்களின் பக்தியை மதித்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றனர் என்றார் அவர். என் வெட்கம் அகன்றது. மலையேறும் அன்பர்களே, திரும்பும் நேரத்தை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.